விலையை இறங்கவிடாத கம்பெனி

போன இதழில் வைர விலை சரிந்துகொண்டே போவதைப் பற்றி நாலு வரி எழுதி, "டி பீர்ஸ் காவல் போனது முதல் காரணம்" என்று முடித்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் கல் மதிப்பிடுகிறவனாக என் வேலைக்காலம் முழுவதும் போனது. உலக வைரச் சந்தையைக் கைக்குள் வைத்திருந்த அந்த டி பீர்ஸ் கம்பெனி ஆள் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் மேஜைக்கு வந்த ஒவ்வொரு கல்லின் விலையிலும் அவர்கள் கை இருந்தது. அதனால் இந்த இதழ் முழுக்க இதே பேச்சுதான். புஷ்பராகம், ராசிக்கல் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

ஐயா, டி பீர்ஸ் என்பது ஆளா, ஊரா? உலகத்து வைரம் முழுவதும் ஒரே கம்பெனி கைக்குள் எப்படிப் போனது? (கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

ஆள்தான் தம்பி, அதுவும் இரண்டு பேர். யோஹானஸ், டீடரிக் என்று டி பீர் குடும்பத்துச் சகோதரர்கள். தென்னாப்பிரிக்காவில் 50 பவுண்டுக்கு வாங்கிய பண்ணையில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1871-ல் அந்த நிலத்தில் வைரம் கிடைத்தது. தோண்ட வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், சுமார் 6,300 பவுண்டுக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். பெயர் மட்டும் நிலத்தோடு போய்விட்டது. பின்னால் வந்த கம்பெனியில் அவர்களுக்குத் தம்பிடி பங்கு கிடையாது.

அந்தப் பண்ணையில்தான் கிம்பர்லி ஊர் முளைத்தது. நிலத்தை 31 அடிக்கு 31 அடி என்று துண்டு போட்டு, ஆளுக்கு இரண்டு துண்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் வைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வைரம் இருந்தது நேராகக் கீழே இறங்கும் நீலப் பாறையில். ஒருவர் ஐம்பது அடி தோண்டியிருப்பார், பக்கத்துத் துண்டுக்காரர் இருபது அடியில் நிற்பார். நடுச்சுவர் இடிந்து விழும். வண்டி போக விட்ட பாதைகளெல்லாம் சரிந்தன. மழை பெய்தால் குழி முழுக்கத் தண்ணீர். தனி ஆளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1874-ல் வரம்பைப் பத்துத் துண்டாக உயர்த்தினார்கள், 1876-ல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஏகபோகத்துக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

அதற்குள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தவர் சிசில் ரோட்ஸ். ஆங்கிலப் பாதிரியார் மகன், உடம்புக்கு முடியாதவர். 1870-ல் 17 வயதில், அண்ணனின் பருத்தித் தோட்டத்துக்கு என்று கப்பல் ஏறி வந்தவர். கிம்பர்லியில் அவர் பணம் பார்த்த வழிகளில் முக்கியமானது, குழியில் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம். என் பார்வையில் இந்தக் கதையின் மையமே அந்தப் பம்புதான். எந்தச் சுரங்கக்காரர் வாடகை கொடுக்க முடியாமல் திணறுகிறார், யார் துண்டு விலைக்கு வரும் என்பதெல்லாம் பம்புக்காரருக்குத் தெரியாமல் போகுமா? 1880-ல் டி பீர்ஸ் மைனிங் கம்பெனி ஆரம்பித்தார். 1887-க்குள் டி பீர்ஸ் சுரங்கத்தில் வேறு ஆளே இல்லை.

பக்கத்திலேயே பெரிய சுரங்கமான கிம்பர்லியில் பலமாக இருந்தவர் பார்னி பார்னட்டோ. லண்டன் கிழக்குப் பகுதியின் ஏழை யூதக் குடும்பத்துப் பையன். மேடை ஏறுவார், குத்துச்சண்டை போடுவார். ரோட்ஸுக்கு நேர் எதிரான ஆள். அந்தச் சுரங்கத்துக்குள் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கும் இடம் இருந்தது. ரோட்ஸ் லண்டன் போய் ராத்சைல்ட் வங்கியில் கடன் ஏற்பாடு செய்து, 14 லட்சம் பவுண்டுக்கு அதைப் பேசி முடித்தார். பார்னட்டோ கூடுதல் விலை கேட்டு மறித்தார். ரோட்ஸ் சண்டை போடவில்லை. "சரி, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கொஞ்சம் பணமும் உங்கள் கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுங்கள்" என்கிற மாதிரி முடித்துவிட்டார். பார்னட்டோ ஜெயித்ததாக நினைத்த இடத்தில், ரோட்ஸ் வீட்டுக்குள் வந்துவிட்டார். அதன்பின் சந்தையில் பங்குகளை வாங்கித் தள்ளினார். 1888 மார்ச்சில் டி பீர்ஸ் கன்சாலிடேட்டட் மைன்ஸ் உருவானது. பார்னட்டோ கம்பெனியின் சில பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போய் இணைப்பைத் தடுத்தார்கள். அதற்கும் வழி கண்டார்கள்: கம்பெனியையே கலைத்துவிட்டு, சொத்தை டி பீர்ஸ் வாங்கியது. 1889-ல் எழுதிய அந்தக் காசோலையின் தொகை 53,38,650 பவுண்டு. பார்னட்டோவுக்கு ஆயுட்கால இயக்குநர் பதவி கிடைத்தது. 1897-ல் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோனார்.

அப்போது உலகத்தில் புதிதாகக் கிடைத்த வைரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரே கம்பெனியுடையது. முதல் துண்டு போட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபது வருடம்கூட ஆகவில்லை.

தோண்டிய தொழிலாளிகள் கதி என்ன? அதைப் பற்றி யாருமே எழுதுவதில்லையே. (ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்)

எழுதியிருக்கிறார்கள் அம்மா, நகைக்கடைக்காரர்கள்தான் படிப்பதில்லை. 1880-களின் நடுவில் கிம்பர்லியில் கறுப்பினத் தொழிலாளிகளை அடைத்துவைக்கும் முகாம்கள் வந்தன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே போக முடியாது. சாப்பாடு, கடை, படுக்கை எல்லாம் உள்ளேதான். யாராவது கல்லை வெளியே வீசிவிடக் கூடாது என்று மேலே கம்பிவலை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது பல நாள் தனியறையில், உடம்பில் துணியில்லாமல், கையில் தோலுறை மாட்டி வைத்திருப்பார்கள். விழுங்கியிருந்தால் வெளியே வரவேண்டும் என்பதற்காக. திருட்டு வைரச் சட்டம் 1882-ல் வந்தது, தண்டனை 15 வருடம் வரை. வெள்ளைத் தொழிலாளிகளையும் துணி களைந்து சோதிக்கப் பார்த்தபோது 1883-லும் 84-லும் வேலைநிறுத்தம் வெடித்தது. அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. கறுப்பர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த முகாம் முறை அதோடு நிற்காமல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கும் போனது. கம்பெனியின் லாபக் கணக்கில் இதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

வைரம் உண்மையிலேயே அபூர்வமான பொருளா? (ஈரோடு)

பெரிய, தோஷமில்லாத கல் அபூர்வம்தான். பத்து சென்ட், பதினைந்து சென்ட் கல் (நூறு சென்ட் ஒரு காரட்) அபூர்வம் இல்லை. கிம்பர்லியின் அந்தப் பெருங்குழி ஒன்றிலிருந்து மட்டும், 1914-ல் மூடுகிறவரை, ஏறக்குறைய 2,720 கிலோ வைரம் எடுத்திருக்கிறார்கள். கிராம் கணக்கில் யோசித்துப் பழகிய உங்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். 1720-கள் வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்கள். அப்புறம் பிரேசில் வந்தது, அங்கே போர்ச்சுகல் அரசரே சுரங்கத்தைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டார். அதாவது, வைரம் அதிகம் கிடைத்த இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் அதைப் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. ரோட்ஸுக்குப் பிறகு அந்தப் பூட்டைச் சரியாகப் போட்டவர்கள் ஓப்பன்ஹைமர் குடும்பம்.

எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் ஜெர்மனியில் பிறந்தவர். 1902-ல் ஒரு லண்டன் வைர வியாபாரியின் ஏஜென்டாகக் கிம்பர்லிக்கு வந்தவர், 1929-ல் டி பீர்ஸ் தலைவர் ஆனார். வந்து உட்கார்ந்த நேரம் உலகப் பொருளாதார வீழ்ச்சி. வாங்க ஆள் இல்லை. 1932-ல் சுரங்கங்களை மூடினார். அதோடு, எல்லாச் சுரங்கத்துக் கல்லும் ஒரே வாசல் வழியாகத்தான் விற்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் கெட்டிப்படுத்தினார். தேவை குறைந்தால் கல்லை வெளியே விடாமல் பெட்டகத்தில் வைத்துக்கொள்வது, கூடினால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. ரோட்ஸ் சுரங்கத்தைப் பிடித்தார், ஓப்பன்ஹைமர் வாசலைப் பிடித்தார். இரண்டாவதுதான் நீடித்தது.

நான் கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் யாரும் மிளகாய் எடுக்கமாட்டார்கள். லண்டனில் வைரத்தைப் பெட்டியோடு கொடுத்துவிடுவார்களாமே, பேரமே கிடையாதாமே, நிஜமா? (விருதுநகர்)

நிஜம். பெட்டியைத் திறந்து பார்க்கலாம், மணிக்கணக்காகப் பார்க்கலாம். பேரம்தான் பேச முடியாது. 2013 வரை டி பீர்ஸின் வாசல், லண்டன் சார்ட்டர்ஹவுஸ் தெரு 17-ம் எண் கட்டடம். வருடத்துக்குப் பத்து முறை, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் போவார்கள். அந்த விற்பனைக்கு சைட் என்று பெயர், அழைப்பு உள்ளவர் சைட்ஹோல்டர். தனக்கு என்ன மாதிரிக் கல் வேண்டும் என்று தரகர் மூலம் முன்பே சொல்லியிருப்பார். அதில் எவ்வளவு கிடைக்கும் என்பது கம்பெனி இஷ்டம். பிடித்த கல்லோடு பிடிக்காத கல்லும் சேர்ந்துதான் வரும். மொத்தமாக எடு, இல்லை வைத்துவிட்டுப் போ. அடிக்கடி வைத்துவிட்டுப் போனால் அடுத்த அழைப்பு வராது.

உங்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிக்கு வெளியே உடனே பிரீமியம் உண்டு. பிரிக்காமலே கைமாற்றி லாபம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் திட்டிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். நம் ஊர்க்காரர்கள் என்று பார்த்தால், குஜராத்தின் பாலன்பூர் ஜெயின்கள்தான் முதலில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்கும் லண்டனுக்கும் போய் அந்த வரிசைக்குள் இடம் பிடித்தவர்கள். மற்ற நாட்டுக்காரர்கள் தொழிற்சாலைக்குத்தான் லாயக்கு என்று ஒதுக்கிய குருணைக் கல்லை எடுத்து வந்து, சூரத்தில் பட்டை தீட்டி விற்றார்கள். இன்றைக்கு உலகத்தில் பட்டை தீட்டப்படும் கற்களில் பத்துக்கு ஒன்பது இந்தியாவில் தீட்டப்படுகின்றன என்றால் அது அந்தக் குருணையில் ஆரம்பித்த கதை.

முதலாளியோடு மும்பை ஒபேரா ஹவுஸ் பக்கம் சரக்கு எடுக்கப் போகும்போது அந்த வியாபாரிகள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். டீ குடிக்கும்போது லண்டனுக்குச் சாபம். "லண்டன் இத்தனை சதவீதம் ஏற்றிவிட்டது" என்று போன் வந்தால் அதே ஆட்களின் முகத்தில் வெளிச்சம். ஏன்? அவர்கள் பெட்டகத்தில் இருக்கும் பழைய சரக்குக்கும் சேர்த்துத்தானே விலை ஏறுகிறது.

விளம்பரத்தால்தான் வைரத்துக்கு மவுசு வந்தது என்கிறார்களே? (சேலம்)

அமெரிக்காவில் அப்படித்தான். 1938-ல் ஹாரி ஓப்பன்ஹைமர் (எர்னஸ்டின் மகன்) நியூயார்க் போய் என்.டபிள்யூ. அயர் விளம்பரக் கம்பெனியைப் பிடித்தார். 1947-ல் அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் கெரெட்டி என்ற பெண்மணி, வைரம் என்றென்றைக்கும் என்ற வாசகத்தை எழுதினார். நிச்சயதார்த்தம் என்றால் வைர மோதிரம் என்று ஆக்கியதில் அந்த விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு. கெரெட்டி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது கூடுதல் தகவல். அந்த வாசகத்தில் ஒரு வியாபாரக் கெட்டிக்காரத்தனமும் உண்டு. என்றென்றைக்கும் வைத்துக்கொள்கிறவர் திரும்ப விற்க வரமாட்டார். பழைய கல் சந்தைக்கு வந்தால் புதுக்கல் விலை என்ன ஆகும்?

நம் பக்கம் விளம்பரம் தேவைப்படவில்லை. எட்டுக்கல் பேசரியும் வைரத்தோடும் நியூயார்க்கைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

ரஷ்யா, ஆஸ்திரேலியா என்று வேறு நாடுகளிலும் வைரம் கிடைத்ததே. அவர்கள் ஏன் போட்டிக்கு வரவில்லை? (தஞ்சாவூர்)

வந்தார்கள், அடங்கினார்கள், கடைசியில் ஒருவர் அடங்கவில்லை.

1950-களில் சைபீரியாவின் யாகூத்தியாவில் பெரிய சுரங்கங்கள் கிடைத்தன. சோவியத் அரசு மேடையில் தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்துப் பேசியது, கல்லை மட்டும் லண்டன் வழியாக விற்றது. அதில் சின்னக் கற்கள் ஏராளம். அவற்றைச் செலவழிக்கத்தான் சுற்றிலும் பொடிக்கல் பதித்த மோதிரத்தை டி பீர்ஸ் மேலைநாடுகளில் தூக்கிப் பிடித்தது. 1981-ல் ஜைர் (இன்றைய காங்கோ) விலகிப் பார்த்தது. ஜைர் விற்கும் அதே ரக மலிவுக் கல் திடீரென்று சந்தையில் கொட்டியது. விலை படுத்தது. 1983-ல் ஜைர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டது. போட்ஸ்வானா வேறு மாதிரி: 1966-ல் சுதந்திரம், 1967-ல் ஒராபாவில் வைரம். அரசும் டி பீர்ஸும் பாதிப் பாதி என்று கம்பெனி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் சாலையும் கட்டிய நாடு அது. இந்த ஏகபோகத்தால் ஒரு நாடு நன்றாக வாழ்ந்தது என்றால் போட்ஸ்வானாவைச் சொல்லலாம்.

அடங்காதவர்கள் ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தார். 1996-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வெளியே வந்தார்கள். அவர்கள் கல் பெரும்பாலும் பழுப்பு, பொடி. ஜைருக்குச் செய்த அதே வைத்தியத்தை இவர்களுக்கும் செய்தார்கள், மலிவு ரக விலையை இறக்கினார்கள். பலிக்கவில்லை. காரணம், அந்தப் பழுப்புக் கல்லைத் தீட்டி விற்கச் சூரத் தயாராக இருந்தது. லண்டனின் வாசலைத் தாண்டி ஒரு வாசல் இருக்கிறது என்று காட்டியதில் சூரத்தின் பங்கு பெரியது. இதை நம் பத்திரிகைகள் போதுமான அளவு கொண்டாடவில்லை.

அதற்குப் பின் ரஷ்யாவிலிருந்தும் கல் கசிந்தது, கனடாவில் புதுச் சுரங்கம் வந்தது. அங்கோலாவில் போராளிக் கூட்டம் வைரம் விற்றுத் துப்பாக்கி வாங்குவதை ஐ.நா. அறிக்கையே 2000-ல் எடுத்துச் சொன்னது. வெளிச் சந்தையில் கிடைக்கும் கல்லையெல்லாம் வாங்கிப் பூட்டுவது பணத்துக்கும் கேடு, பெயருக்கும் கேடு என்றானது. அதே வருடம், இனி சந்தைக்குக் காவலாளியாக இருக்கப்போவதில்லை என்று டி பீர்ஸே அறிவித்தது. 2004-ல் அமெரிக்காவில் தொழிற்சாலை வைர விலையைக் கூட்டுச் சேர்ந்து நிர்ணயித்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு கோடி டாலர் அபராதம் கட்டியது.

அப்படியானால் ஏகபோகம் ஒழிந்தது நல்லதுதானே? நீங்கள் ஏன் வருத்தப்படுகிற தொனியில் எழுதுகிறீர்கள்? (திருநெல்வேலி)

வருத்தம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கவுன்ட்டரில் நின்று, "வைர விலை என்றைக்குமே இறங்காது" என்று ஒரு தலைமுறைக்கே சொல்லி விற்றோம். தங்கம் மாதிரி அது ஒரு பொருளின் குணம் என்று வாங்கினவர்கள் நம்பினார்கள். அது கல்லின் குணம் இல்லை, லண்டன் பெட்டகத்தின் பலம். பெட்டகம் நிறைந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு கம்பெனி இருந்தது. இப்போது இல்லை. விலை ஏறவும் செய்யும், விழவும் செய்யும், மற்ற எந்தச் சரக்கையும் போல. வாங்குகிறவருக்கு இது நல்லதுதான். முதலீடு என்று வாங்கி வைத்தவருக்கு இல்லை.

லேப் வைரம் வாங்கலாமா? மகள் கல்யாணத்துக்குத் தோடு எடுக்க வேண்டும். (திருச்சி)

போட்டுக்கொள்ள வாங்கலாம், ஆய்வுக்கூடத்தில் செய்தாலும் அதுவும் வைரம்தான். அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் 1954-லேயே செயற்கை வைரம் செய்துவிட்டது, நகைத்தரத்துக்கு மலிவாக வந்ததுதான் சமீபத்தில். 2018-ல் டி பீர்ஸே லைட்பாக்ஸ் என்று ஒரு பிராண்டு ஆரம்பித்து, காரட் 800 டாலருக்கு லேப் வைரம் விற்றது. இது விலைமலிவான சாமான், இயற்கைக் கல்லோடு சேர்த்துப் பேசாதீர்கள் என்று காட்டத்தான் என்பது என் எண்ணம். விலை அதற்கும் கீழே போனது, 2025-ல் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே எடுங்கள், ஆனால் திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று கடைக்காரரிடம் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

ஆச்சியின் தோடு புளூ ஜாகர் என்று வீட்டில் சொல்வார்கள். டி பீர்ஸ் கல்தானா அது? என்ன விலை போகும்? (காரைக்குடி)

ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டீன் சுரங்கம். நீல ஓட்டமுள்ள வெள்ளைக் கல்லுக்குப் பேர்போனது. 1893-ல் 995 காரட் எக்செல்சியர் வைரம் கிடைத்ததும் அங்கேதான். பிற்பாடு டி பீர்ஸ் கைக்குப் போய் 1971-ல் மூடப்பட்டது. ஆகவே ஆச்சி காலத்துத் தோடு என்றால் நிஜ ஜாகராக இருக்க வாய்ப்புண்டு. இன்றைக்குப் புதிதாக விற்கும் "புளூ ஜாகர்" வெறும் ரகப் பெயர்தான். அந்த நீலம் பெரும்பாலும் ஃப்ளோரசன்ஸ். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் பிடித்தால் கல் நீலமாக ஒளிரும். மேலைநாட்டு வியாபாரி அதற்கு விலையைக் குறைப்பார், செட்டிநாட்டில் கூடுதலாகக் கொடுப்பார்கள். விற்பதாக இருந்தால் காரைக்குடியிலோ மதுரையிலோ விற்கவும், மும்பைக்குக் கொண்டுபோக வேண்டாம். க்ளோஸ்ட் செட்டிங்காக (கல்லின் பின்பக்கம் மூடியதாக) இருந்தால் கல்லைக் கழற்றி எடை போட்டு, காகபாதம், கரும்புள்ளி போன்ற தோஷம் பார்க்காமல் யாரும் விலை சொல்லக் கூடாது. கடிதத்தில் என்னிடம் கேட்டாலும் அதேதான்.

டி பீர்ஸ் விற்பனைக்கு வருகிறதாமே, ஷேர் வாங்கலாமா? (கோயம்புத்தூர்)

2001-லேயே பங்குச்சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2011-ல் ஓப்பன்ஹைமர் குடும்பம் தன் 40 சதவீதத்தை 510 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டு விலகியது. அதிலிருந்து ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பெனிக்கு 85 சதவீதம், போட்ஸ்வானா அரசுக்கு 15. ஆங்கிலோவும் 2024-ல், எங்களுக்கு இது வேண்டாம், கைமாற்றிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டது. போட்ஸ்வானா கூடுதல் பங்கு கேட்கிறது. சைட் விற்பனை 2013-லேயே லண்டனிலிருந்து அந்நாட்டுத் தலைநகர் காபரோனுக்குப் போய்விட்டது. மற்றபடி ஷேர் சமாச்சாரத்துக்கு இந்தப் பத்திரிகையில் வேறு ஒருவர் பக்கம் இருக்கிறது, அவரைக் கேளுங்கள். எனக்குக் கல் மட்டும்தான் தெரியும்.